மூன்று வயர்களும் ஒரு சிவப்பு வெளிச்சமும்

ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையை நடுவில் வைத்து முப்பது கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டால், ஒரு மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்துக்கு வேண்டிய அத்தனையும் அதற்குள்ளேயே தயாராகிவிடுகிறது. 1980இல் டிவிஎஸ் 50 மொபெட் பிறந்தது ஓசூரில்தான். தளி சாலையில் உளிவீரனப்பள்ளியில் உள்ள இந்தியா நிப்பான் எலக்ட்ரிக்கல்ஸ், வண்டிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவையும் அதைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரையும் செய்கிறது. கெலமங்கலம் பக்கம் அச்செட்டிப்பள்ளியில் ஃபியெம் இண்டஸ்ட்ரீஸின் ஆலைகளில் இருசக்கர வாகன விளக்குகள் உருவாகின்றன. வண்டி, மின்சாரம், விளக்கு மூன்றும் ஒரே வட்டாரத்தின் சரக்கு.

அப்படியிருந்தும் இங்குள்ள ஆக்சஸரி கடைகளில் அதிகம் கைமாறுவது இந்த ஆலைகளின் விளக்குகள் இல்லை. பெங்களூரு ஜே.சி. ரோட்டிலிருந்து வரும், சில நூறு ரூபாய் விலையுள்ள எல்இடி ஸ்ட்ரிப்களும் எல்இடி பல்புகளும்தான். கடை வாசலிலேயே வண்டியை நிறுத்தி, சீட்டைக் கழற்றி, பத்து நிமிடத்தில் மாட்டித் தந்துவிடுகிறார்கள். சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து தேசிய நெடுஞ்சாலை 44இல் இறங்கும் பைக்குகளைப் பின்னாலிருந்து பார்த்தால் ரகம் ரகமான சிவப்பு தெரியும்: நின்று எரிவது, படபடவென மின்னுவது, கண்ணைக் குத்துவது, டெயில் லைட்டா பிரேக் லைட்டா என்றே பிரித்தறிய முடியாதது. ஒன்றுமே எரியாததும் உண்டு. இந்த மாற்றத்தால் என்ன லாபம், எங்கே கெடுகிறது, சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

லாபத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அது உண்மையான லாபம். சாதாரண பல்பில் டங்ஸ்டன் இழை சூடேறி, பழுத்து, அதன் பிறகுதான் வெளிச்சம் முழுதாக வருகிறது. அதற்கு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். எல்இடிக்குச் சூடேற வேண்டிய வேலை கிடையாது; மின்சாரம் தொட்ட கணமே முழு வெளிச்சம். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிறுவனத்தில் மைக்கேல் சிவாக் குழுவினர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், எல்இடி பிரேக் விளக்கைப் பார்த்தவர்கள் சாதாரண பல்பைப் பார்த்தவர்களைவிடச் சராசரியாக 166 மில்லி விநாடி முன்னதாக எதிர்வினை காட்டினார்கள். கேட்கச் சிறியதாகத் தோன்றும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி அந்த நேரத்தில் ஏறக்குறைய 2.8 மீட்டர் கடந்துவிடும். ஒரு பைக்கின் மொத்த நீளமே இரண்டு மீட்டர்தான்.

இந்தியச் சாலைகளில் இந்த 2.8 மீட்டருக்குக் கூடுதல் மதிப்பு இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 4,61,312. உயிரிழந்தவர்கள் 1,68,491 பேர். இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். விபத்து வகைகளில் முதலிடம் பின்னாலிருந்து மோதுவதற்கு. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அதுதான். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதலில் நின்ற மாநிலம் தமிழ்நாடு, 64,105 விபத்துகளுடன்.

ஆனால் புதிய விளக்கு வந்ததும் மோதல்கள் மறைந்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. இதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. 1974இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளர் டாக்சிகளின் பின்புறம் நடுவில் கூடுதலாக ஒரு பிரேக் விளக்கைப் பொருத்திச் சோதித்தார். பின்மோதல்கள் 60 சதவீதம் குறைந்தன. அதன் தொடர்ச்சியாக 1986 மாடல் முதல் அமெரிக்கக் கார்கள் எல்லாவற்றிலும் மூன்றாவது பிரேக் விளக்கு கட்டாயமாயிற்று. பின்பு அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் நீண்ட காலப் பலனை அளந்தபோது கிடைத்தது 4.3 சதவீதம். எல்லா வண்டியிலும் வந்து கண்ணுக்குப் பழகியதும் அந்த விளக்கின் புதுமை போய்விட்டது. அதற்காக 4.3 சதவீதத்தைத் தள்ளிவிட முடியாது. பல்லாயிரம் மோதல்கள் அதில் அடங்கியிருக்கின்றன. எல்இடி பிரேக் லைட்டிடம் எதிர்பார்க்க வேண்டியதும் இந்த அளவு நன்மையைத்தான். அதுவும், சரியாக மாட்டினால்.

சரியாக மாட்டுவது என்றால் முதலில் எதைக் காப்பாற்ற வேண்டும்? கடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வெளிச்சத்தைப் பற்றியே பேசுகிறார்கள். பிரேக் லைட்டின் வேலை வெளிச்சம் காட்டுவதோடு முடிவதில்லை. ஒரு கணம் முன்புவரை இருந்த நிலை மாறிவிட்டது என்று பின்னால் வருபவருக்குச் சொல்ல வேண்டும். அதனால்தான் இரண்டு இழை உள்ள பல்பை வடிவமைத்தவர்கள் டெயிலுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட் என்று பிரித்தார்கள். தரநிலைப்படி சின்ன இழை தருவது 35 லூமென், பெரிய இழை தருவது 440 லூமென். பன்னிரண்டு மடங்குக்கும் அதிகம். ஐ.நா.வின் 50ஆம் எண் வாகன விளக்கு விதியும் இதே போக்கில்தான் டெயில் விளக்குக்குக் குறைந்தபட்சம் 4 கேண்டெலா, பிரேக் விளக்குக்குக் குறைந்தபட்சம் 40 கேண்டெலா என்கிறது. மலிவான எல்இடி பல்புகள் பலவற்றில் இந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. டெயிலே பளிச்சென்று எரிகிறது. பிரேக் பிடித்தால் இன்னும் கொஞ்சம் பளிச்சென்கிறது. மாட்டிப் பார்க்கும்போது வாங்கியவருக்கு மகிழ்ச்சி. பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு பிரேக் பிடித்தது தெரியாது. 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் இருசக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது விதி. கூடவே டெயிலும் பகல் முழுக்க எரிகிறது. ஆகவே இரவில் மட்டும் இருந்த இந்தக் குழப்பம் இப்போது பகலிலும் சேர்ந்துவிட்டது.

எல்இடி பல்பின் நிறத்திலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. சிவப்பு லென்ஸுக்குப் பின்னால் வெள்ளை எல்இடி போட்டால் வெளிச்சத்தின் பெரும்பகுதியை லென்ஸ் விழுங்கிவிடும். சாதாரண பல்பின் ஒளியில் சிவப்பு நிறைய உண்டு, வெள்ளை எல்இடியின் ஒளியில் குறைவு. சிவப்பு லென்ஸுக்குச் சிவப்பு எல்இடிதான் பொருத்தம். பிரச்சினை அங்கே முடிவதில்லை. பல வண்டிகளில் டெயில் பல்பின் கீழே நிறமில்லாத ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். நம்பர் பிளேட்டுக்கு வெளிச்சம் அதன் வழியாகத்தான் இறங்குகிறது. நம்பர் பிளேட்டுக்கு வெள்ளை வெளிச்சம் வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. சிவப்பு பல்பைப் போட்டால் பிளேட் சிவப்பாகி, இரவில் எண் தெரியாது. நல்ல எலக்ட்ரீஷியன், கீழ்ப்பக்கம் மட்டும் வெள்ளைச் சில்லு உள்ள சிவப்பு பல்பைத் தேடித் தருவார், அல்லது பிளேட்டுக்குத் தனியாக ஒரு சின்ன வெள்ளை விளக்கை டெயில் லைனில் சேர்ப்பார். ஒளி போகும் திசையையும் பார்க்க வேண்டும். இழை எல்லாப் பக்கமும் ஒளி வீசுவதால் பின்னாலுள்ள ரிஃப்ளெக்டர் கிண்ணம் முழுதும் நிறைகிறது. தட்டையான பலகையில் ஒரே பக்கம் பார்த்த எல்இடிகள் உள்ள பல்பு அந்தக் கிண்ணத்தை இருட்டில் விட்டுவிட்டு நடுவில் ஒரு புள்ளியாக மட்டும் எரியும். பக்கவாட்டிலும் சில்லுகள் உள்ள பல்புதான் கிண்ணத்துக்கு ஏற்றது.

இனி வயரிங். பின்விளக்குக்கு வருவது மூன்று வயர்: எர்த், டெயில், பிரேக். ஹோண்டா முறையில் வந்த வண்டிகளில் பச்சை எர்த், பழுப்பு டெயில், பச்சையில் மஞ்சள் கோடு பிரேக். இந்த நிறக்கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் நிறத்தை நம்பி வெட்டுவது தவறு. சாவியைப் போட்டு, பிரேக்கைப் பிடித்து விட்டு, எந்த வயரில் 12 வோல்ட் வந்து போகிறது என்று மல்டிமீட்டரிலோ டெஸ்ட் லேம்பிலோ பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பிரேக் வயருக்கு மின்சாரம் இரண்டு ஸ்விட்ச் வழியாக வரும்: கைப்பிடியில் ஒன்று, கால் மிதியில் ஒன்று. எதைப் பிடித்தாலும் எரிய வேண்டும். பழைய சில வண்டிகளில் கால் மிதிக்கு மட்டுமே ஸ்விட்ச் இருக்கும். முன் பிரேக்கை அதிகம் பயன்படுத்துகிறவர் அப்படிப்பட்ட வண்டியில் எவ்வளவு விலை உயர்ந்த எல்இடியை மாட்டினாலும் பாதி நேரம் இருட்டில்தான் பிரேக் பிடிக்கிறார். முன் பிரேக்குக்கு ஒரு ஸ்விட்ச் சேர்ப்பது அங்கே விளக்கை மாற்றுவதைவிட முக்கியம்.

பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் இன்னொரு விசேஷம்: டெயில் லைட் மேக்னெட்டோவிலிருந்து நேராக வரும் ஏசி மின்சாரத்தில் எரியும்; பிரேக் லைட், இண்டிகேட்டர், ஹாரன் மட்டும் பேட்டரியின் டிசி. எல்இடி ஒரு பக்கம்தான் மின்சாரத்தை விடும். ஏசி லைனில் மாட்டினால் விட்டு விட்டு எரியும், எதிர்த்திசை வோல்ட்டேஜ் தாங்காமல் சீக்கிரம் சாகும். டெயில் லைனை டிசிக்கு மாற்றாமல் இரட்டை எல்இடி பல்பைச் செருகிவிட்டு, “பல்பு தரமில்லை” என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. அங்கே பல்பின் மீது தவறில்லை.

இப்போது ஸ்ட்ரிப்பை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மூன்று சிவப்பு எல்இடிகளும் ஒரு ரெசிஸ்டரும் தொடராக இருக்கும். ஒரு சிவப்பு எல்இடி எடுத்துக்கொள்வது சுமார் 2 வோல்ட், மூன்றுக்கு 6. வண்டி ஓடும்போது லைனில் 13.8 வோல்ட் என்றால் மீதி 7.8 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 390 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் 20 மில்லிஆம்பியர் ஓடும், எல்லாம் நலம். ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் எனும் ஆர்ஆர் யூனிட் கெட்டு வோல்ட்டேஜ் 17க்கு ஏறினால்? ரெசிஸ்டரின் பங்கு 11 வோல்ட்டாகும், மின்னோட்டம் 28 மில்லிஆம்பியர். வோல்ட்டேஜ் நூற்றுக்கு 23 ஏறினால் மின்னோட்டம் 41 ஏறுகிறது. வாங்கி ஒரு மாதத்தில் பாதி ஸ்ட்ரிப் கறுத்துப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மூன்று மூன்றாகச் சாவதால் ஸ்ட்ரிப்பில் பல் விழுந்த இடைவெளிகள் தெரியும். புது ஸ்ட்ரிப் வாங்குவதற்கு முன் இன்ஜினை ஓடவிட்டு, ஆக்ஸிலரேட்டரைத் திருகி, பேட்டரி முனையில் வோல்ட்டேஜ் பார்ப்பது ஒரு நிமிட வேலை. 14.5ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் முதலில் மாற்ற வேண்டியது ஆர்ஆர் யூனிட்டை.

டெயில், பிரேக் இரண்டுக்கும் ஒரே ஸ்ட்ரிப்பைப் பயன்படுத்த விரும்புகிறவர்கள் இரண்டு வயரையும் முறுக்கி ஒன்றாகச் சேர்த்துவிடுவதுதான் மிகப் பரவலான பிழை. அப்படிச் செய்தால் பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் டெயில் லைனுக்குள் திரும்பி ஓடும். டெயில் அணைந்திருக்கும்போது மீட்டர் விளக்கெல்லாம் சேர்ந்து எரியும். டெயில் எரிந்துகொண்டிருக்கும்போது பிரேக்கால் எந்த மாற்றமும் தெரியாது. சரியான வழி பழையது, எளியது. பிரேக் வயரில் ஒரு டையோடு. டெயில் வயரில் ஒரு டையோடும் வெளிச்சத்தைக் குறைக்க ஒரு ரெசிஸ்டரும். அதன் பிறகுதான் இரண்டும் ஸ்ட்ரிப்பின் பாசிட்டிவில் சேரலாம். 1என்4007 என்ற டையோடு சில ரூபாய்க்கு எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். அதன் வெள்ளைக் கோடு ஸ்ட்ரிப் பக்கம் பார்க்க வேண்டும். ரெசிஸ்டரின் அளவை இருட்டில், பத்தடி பின்னால் நின்று, பிரேக் விழுவது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரியும்வரை கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஆறு மாதத்தில் விளக்கு செத்துவிடுவது இணைப்பில்தான். வயரின் தோலைப் பல்லால் உரித்து, செம்பு இழைகளை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, மட்கார்டுக்கு அடியில் செருகிவிடுவார்கள். பின்சக்கரம் அடிக்கும் சேறும் தண்ணீரும் முதலில் போய்ச் சேரும் இடமே அதுதான். வெயிலில் இளகிய டேப்பின் பசை மழையில் விட்டுப்போகும், செம்பு பச்சை பூக்கும். பெங்களூருவின் கழிவைச் சுமந்து வரும் தென்பெண்ணை கெலவரப்பள்ளியில் நுரையாகப் பொங்குவது ஊரறிந்த செய்தி. அந்த நுரை தரைப்பாலத்தின் மேல் ஏறி வழியை மறைத்த நாட்களும் உண்டு. அப்படிப்பட்ட தண்ணீர் தெறிக்கும் சாலையில் திறந்த செம்பு எத்தனை நாள் தாங்கும்? ஈயம் வைத்து சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு, இணைப்பை சீட்டுக்கு அடியில் உயரமாக வைப்பதற்குக் கூடுதலாக ஆவது கால் மணி நேரம். வயரை வெட்டவே மனமில்லாதவர்கள் ஒரிஜினல் கப்ளருக்குப் பொருந்தும் ஆண்-பெண் கப்ளர் ஜோடியை வாங்கி நடுவில் சேர்க்கலாம். நாளைக்குப் பழைய விளக்கைத் திரும்ப மாட்ட வேண்டியிருந்தாலும் சிரமமில்லை.

எர்த்துக்கும் இதே கவனம் வேண்டும். நம்பர் பிளேட் போல்ட்டில் எர்த் வயரைச் சுற்றிவிடுவது வழக்கம். பெயின்ட்டுக்கு மேல் எர்த் பிடிக்காது. பிளாஸ்டிக் மட்கார்டில் எர்த்தே இல்லை. ஒரிஜினல் எர்த் வயர் கையருகே இருக்கும்போது வேறு இடம் தேடுவது வீண்.

ஆபத்து விளக்கோடு மட்டும் நிற்பதில்லை. சிறிய வண்டிகள் பலவற்றில் மொத்த மின்சாரத்துக்கும் ஒரே ஒரு ஃபியூஸ்தான். சீட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் நசுங்கி ஸ்ட்ரிப்பின் வயர் தோல் உரிந்தால், பிரேக் பிடித்த அந்த நொடியில் ஷார்ட் ஆகி ஃபியூஸ் போகும். பிரேக் விளக்கு, டெயில், இண்டிகேட்டர், ஹாரன் எல்லாம் ஒன்றாக அணையும். பேட்டரியை நம்பிய இக்னிஷன் என்றால் இன்ஜினும் நிற்கும். சூளகிரியைத் தாண்டி மேலுமலை இறக்கத்தில், பின்னால் கன்டெய்னர் லாரி வரும்போது இப்படி ஆனால் என்ன நடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. 3 வாட் எல்இடி எடுப்பது கால் ஆம்பியர். புதிய விளக்குக்கு மட்டும் தனியாக ஒரு ஆம்பியர் ஃபியூஸ் வைத்தால் கோளாறு அந்த விளக்கோடு முடிந்துவிடும். கடைகளில் இதைச் செய்து தருபவர்கள் மிகக் குறைவு. கேட்டு வாங்க வேண்டும்.

மின்னும் பிரேக் லைட் இளைஞர்களுக்குப் பிடித்த சரக்கு. கவனத்தை இழுக்கும் என்பது உண்மை. ஆனால் அது எதைச் சொல்ல இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். ஐரோப்பிய விதிகள் மின்னும் பிரேக் விளக்கை ஒரே ஒரு சூழலுக்கு அனுமதிக்கின்றன: 50 கிலோமீட்டருக்கு மேல் வேகம் இருந்து, விநாடிக்கு விநாடி 6 மீட்டருக்கு மேல் வேகம் சரியும் அவசர பிரேக். அப்போது விநாடிக்கு நான்கு முறை அளவில் மின்னும். அதைப் பார்த்ததும் பின்னால் வருபவர் முழு பலத்தோடு பிரேக் போட வேண்டும் என்று அர்த்தம். அத்திப்பள்ளி நெரிசலில் லேசாகப் பிடிக்கும் ஒவ்வொரு பிரேக்குக்கும் மின்னினால் அந்த அர்த்தம் செத்துப்போகிறது. பெங்களூரு சில்க் போர்டு சிக்னலில் ஐந்து நிமிடம் அதன் பின்னால் நிற்பவரின் கண்ணுக்கு ஏற்படும் வாதையும் சேர்கிறது. பக்கத்திலேயே எரியும் இண்டிகேட்டரை இந்த மின்னல் மறைத்துவிடுவது எல்லாவற்றிலும் மோசம். நின்று எரியும் விளக்கே நல்லது.

சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. மறுபக்கம், பிரேக் பிடித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்று மத்திய விதிகள் கட்டாயமாக்குகின்றன. பல்பு போய்விட்டால் மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது எல்இடி பல்பு போடுவது பழுது பார்ப்பதா, உருமாற்றமா? ஓசூரின் டிஎன் 70 பதிவெண் வண்டி எல்லை தாண்டி கர்நாடகத்துக்குள் போனால் நிறுத்துகிறவரின் கண்ணுக்கு ஏற்ப இதற்குப் பதில் மாறுகிறது. ஒரிஜினல் விளக்கை அப்படியே வைத்து, அதன் வேலை கெடாமல், நின்று எரியும் சிவப்பாக உள்ளே மட்டும் மாற்றியவருக்கு வரும் தொல்லை குறைவு. விளக்கையே பெயர்த்தெடுத்து, நம்பர் பிளேட்டை மடக்கி, நீலமும் சிவப்புமாக மின்னவிட்டவருக்கு எந்த வாதமும் துணை நிற்காது.

ஜெர்மனி இந்த இடைவெளியை ஒரு வழியில் அடைத்திருக்கிறது. 2020இல் அங்கே முகப்பு விளக்குகளுக்கான எச்7 எல்இடி மாற்று பல்புக்கு அனுமதி கிடைத்தபோது, எந்த மாடல் வண்டியின் எந்த விளக்குக் கூட்டில் அதைப் போடலாம் என்ற பட்டியலோடு சேர்த்தே அனுமதித்தார்கள். சோதித்துப் பார்த்த கூடு பட்டியலில் இருக்கும், மற்றது இருக்காது. வாங்குகிறவருக்கும் குழப்பமில்லை, நிறுத்துகிற போலீஸ்காரருக்கும் குழப்பமில்லை. முகப்பு விளக்குக்குச் செய்ய முடிந்ததைப் பின்விளக்குக்கும் செய்யலாம்.

இதை இந்தியாவில் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் ஓசூரைவிடப் பொருத்தமான ஊர் அமையாது. 2006 வாக்கிலேயே பல்சரில் எல்இடி டெயில் லைட் வந்துவிட்டது. இன்று புதிதாக வரும் வண்டிகளில் பெரும்பாலானவை ஆலையிலிருந்தே எல்இடியோடு இறங்குகின்றன. பாடு முழுக்க அதற்கு முந்தைய வண்டிகளை வைத்திருப்பவர்களுக்குத்தான். அந்த வண்டிகளை வடிவமைத்தவர்களும், அவற்றின் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியைச் செய்தவர்களும், விளக்குக் கூட்டை வார்த்தவர்களும் ஒருவருக்கொருவர் அரைமணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கிறார்கள். பழைய மாடல்களின் கப்ளருக்கு நேராகப் பொருந்தும், டெயிலுக்கும் பிரேக்குக்கும் உரிய இடைவெளி உள்ள, புனேயில் உள்ள வாகன ஆராய்ச்சி அமைப்பான ஏஆர்ஏஐயில் சோதனை முடித்த எல்இடி பின்விளக்குகளை அவர்கள் சேர்ந்து டீலர் கடைகளில் வைத்தால், சீட்டுக்கு அடியில் யாரும் வயர் உரிக்க வேண்டிய அவசியமே இராது. விலை ஸ்ட்ரிப்பைவிடச் சில மடங்கு கூடும். அதைக் கொடுக்க முடியாதவர்களுக்காக, சால்டரிங் கோலும் ஸ்லீவும் ஒரு ஆம்பியர் ஃபியூஸும் வைத்து வேலை செய்யும் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்கு ஓசூர் அரசு ஐடிஐயில் ஒரு வார இறுதிப் பயிற்சியையும் அதே கம்பெனிகள் நடத்தலாம்.